கட்டை மறைத்த இடம்

ஜூன் 4

பெரியம்மா கட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். கடற்படை இந்தப் போர்க்கப்பலுக்கு வைத்த பெயர் வேறு. நீளமான வடமொழிப் பெயர், கப்பல் பழுதுபார்க்கும் எங்கள் யார்டில் ஒருத்தர் வாயிலும் நுழையவில்லை. வயதாகிவிட்டது, இரும்பெல்லாம் தேய்ந்திருக்கிறது, ஆனாலும் மிடுக்கு குறையவில்லை. அதனால் பெரியம்மா.

காலையில் டாக்கைச் சுற்றி ஒரே கூட்டம். டாக் என்பது கடலோரத்தில் வெட்டிய பெரிய சிமெண்ட் குழி. கடல் பக்கம் ஒரு கதவு. தண்ணீரை உள்ளே விட்டு, கப்பலை மிதக்கவைத்து இழுத்துவந்து, கதவை மூடித் தண்ணீரை இறைத்தால், கப்பல் மெல்ல இறங்கி, தரையில் வரிசையாக வைத்திருக்கும் மரக்கட்டைகள்மேல் உட்காரும். அந்தக் கட்டைகளை எங்கே வைப்பது என்பது என் வீட்டுக்காரர் பொறுப்பு. அவர்தான் டாக் ஃபோர்மேன். பெர்க்மான்ஸ் விசில் ஊதினால்தான் இங்கே தண்ணீர் ஏறும், இறங்கும். வீட்டில் குழாயைத் திறந்துவிட்டு மறந்துபோகிற மனுசன்தான். ஆனால் டாக்கில் அவர் வைத்தது சட்டம்.

தம்பி செலஸ்டின் மேல்தட்டில் வெள்ளைச் சட்டையோடு நின்று கையாட்டினான். கடற்படையில் சேர்ந்த நாளிலிருந்து எங்கெங்கோ போனவன், கடைசியில் அக்கா வேலை பார்க்கும் யார்டுக்கே கப்பலோடு வந்து சேர்ந்துவிட்டான். அடுத்த தை மாதம் அவனுக்குக் கல்யாணம்.

சாயங்காலம் இவர் வந்து, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். சாளை மீன் குழம்பு வைத்திருந்தேன். வேண்டாம் என்றார். வெயிலில் நின்றது, வயிறு சரியில்லையாம்.

ஜூன் 6

நேற்றும் இன்றும் கப்பலின் அடியைக் கழுவிச் சுரண்டினார்கள். சிப்பியும் பாசியும் வண்டி வண்டியாகப் போயின. நாற்றம் தலைமுடியிலேயே நிற்கிறது. நாளையிலிருந்து என் வேலை.

சமையல் கேஸ் தீர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு அடுப்பில் சோறு மட்டும் வைத்து இறக்கினேன்.

ஜூன் 7

தகட்டின் தடிமன் பார்ப்பது என் வேலை. களிம்பு தடவி, கைக்கருவியின் முனையை இரும்பில் வைத்தால் அது எவ்வளவு கனம் இருக்கிறது என்று மீட்டர் காட்டும். வயிற்றுப்பிள்ளைக்கு ஸ்கேன் எடுப்பது மாதிரிதான். குனிந்தபடியே நாள் முழுக்க நடக்கவேண்டும் என்பதுதான் வித்தியாசம். தலைக்குமேல் ஒரு கப்பல் கனம். பழகிப்போனவர்களுக்கே சில நாள் பிடரி கூசும்.

கட்டை உட்காரும் இடத்தில் மட்டும் என் கருவிக்கு வேலை இல்லை. அங்கே சுரண்டவும் முடியாது, பெயிண்ட் அடிக்கவும் முடியாது. அதனால் ஒவ்வொரு தடவையும் கட்டைகளைப் பழைய இடத்திலிருந்து தள்ளி வைப்பார்கள். போன தடவை மறைந்திருந்த இடம் இந்தத் தடவை வெளியே வரும். கட்டை அளவுக்குச் சதுரம் சதுரமாகத் துருப்பிடித்த தழும்பாகத் தெரியும். அதைக் கண்டால்தான் எங்களுக்கு நிம்மதி. முன்பக்கத்திலிருந்து நடுக்கப்பல் வரைக்கும் தழும்புகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் பார்த்தேன், பரவாயில்லை.

பின்பக்கம் ஒரு தழும்பும் கண்ணில் படவில்லை. வானம் மூட்டமாக இருந்தது, வெளிச்சம் போதவில்லை. திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.

ஜூன் 9

வெளிச்சம் நன்றாக இருந்தது. பின்பக்கம் தழும்பு இல்லை.

ஜூன் 11

பின்வரிசைக் கட்டைகளை ஒட்டினாற்போல் கருவியை வைத்துப் பார்த்தேன். பத்து மில்லிமீட்டர் இருக்கவேண்டிய தகடு, கட்டையை நெருங்க நெருங்க எட்டு, ஏழு என்று இறங்குகிறது. கட்டையின் விளிம்பில் ஆறுதான். அதற்கு அந்தப் பக்கம் மரம்.

கருவியில் பேட்டரி குறைவாக இருந்தால் சில நேரம் இப்படிக் காட்டும். பேட்டரி மாற்றினேன். அதேதான் காட்டியது.

இன்று துணி துவைக்கவில்லை. கை வரவில்லை.

ஜூன் 12

மூர்த்தி சாரிடம் சொன்னேன். இந்தக் கப்பல் வேலைக்கெல்லாம் அவர்தான் மேனேஜர். விவரம் தெரிந்தவர், கடுகடுப்பும் இல்லை. நான் சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவருக்குப் புரிந்துவிட்டது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு என்னோடு கீழே இறங்கி வந்தார். இவரையும் கூப்பிட்டு அனுப்பினார்.

மூன்று பேரும் பின்வரிசைக்குப் பக்கத்தில் குனிந்து நின்றோம்.

"பெர்க்மான்ஸ், பின்னாடி கட்டையெல்லாம் போன தடவை இருந்த இடத்துலேர்ந்து தள்ளித்தானே வெச்சிருக்கீங்க?"

"ஆமா சார்."

"பழைய தடம் ஒண்ணுமே தெரியலைங்கிறாங்க உங்க வீட்டம்மா."

"போன தடவ பின்னாடி கட்டைய வேல பாதில மாத்தி மாத்தி அடிச்சு, அந்த எடத்துக்கும் பெயிண்ட் போட்டுட்டோம் சார். அதான் தெரியல."

மூர்த்தி சார் இவர் முகத்தைப் பார்த்தார். இவர் கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சார் என் பக்கம் திரும்பி, ஓரத்தில் தேய்ந்த தகடுகளை மட்டும் வெட்டி மாற்றிவிடலாம் என்றார். கட்டைக்கு மேல் இருப்பதைப் பற்றிப் பேச்சு முடிந்தது. உள்ளேயிருந்து அளக்க வழியில்லையா என்று கேட்டேன். அந்த இடத்துக்கு நேர்மேலே பம்ப் அறை. அதன் அடியில் எப்போதோ சிமெண்ட் பூசி, கப்பல் டாக்குக்குள் வருமுன் துறையில் நின்றபோதே அதன்மேல் புது பம்புகளை இறக்கிவிட்டார்கள். அதைப் பெயர்த்தால் இரண்டு மாத வேலை போய்விடும்.

போன தடவை இந்தக் கப்பல் வந்தபோதும் நான் இங்கேதான் வேலை பார்த்தேன். பின்வரிசைக் கட்டையை யாரும் மாற்றி அடித்ததாக எனக்கு நினைவில்லை. எத்தனையோ கப்பல் வருகிறது, எல்லாம் நினைவில் நிற்குமா.

ஜூன் 13

வேலைக்குப் போனேன், வந்தேன்.

ஜூன் 15

ஞாயிறு. பூசை முடிந்து செலஸ்டின் சாப்பிட வந்தான். கூடவே மனிஷ் என்று ஒரு பையன், ஒடிசாக்காரன். இரண்டு பேருக்கும் பம்ப் அறையில்தான் வேலை. ஆளுக்கு ஆறு மணி நேரம் மாறி மாறிப் பார்ப்பார்களாம். மனிஷுக்குத் தமிழில் மீன், சோறு, போதும் என்று மூன்று வார்த்தை தெரிகிறது. மூன்றாவதை அவன் சொல்லவே இல்லை.

தம்பி வாய் ஓயாமல் பேசினான். புது ரேடார் வருகிறது, புது ஏவுகணை வருகிறது, மின்சாரத்துக்குப் புது ஜெனரேட்டர் வந்துவிட்டது.

"பெரியம்மாக்கு மேக்கப் போட்டு கல்யாணப் பொண்ணு ஆக்கிட்டாங்கக்கா. இன்னும் பதினஞ்சு வருசம் ஓடும்னு சொல்லுதாங்க."

"மேல மட்டும் மினுக்கினா போதுமாடே?" என்று நான் கேட்டுவிட்டேன்.

"அடிய பாக்கத்தான் நீ இருக்க, தாங்கத்தான் மச்சான் இருக்காரு. எனக்கென்ன கவல."

இவர் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவப் போய்விட்டார். தண்ணீர் ஓடும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

ஜூன் 19

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கப்பலடியில் யாரும் இருப்பதில்லை. கருவியின் மூடியை அங்கேயே விட்டுவிட்டேன் என்று எடுக்கப் போனேன். பின்வரிசையில் இரண்டு கட்டைகளுக்கு நடுவே பூட்ஸ் கால்கள் தெரிந்தன. வலது பூட்ஸில் நான் போட்டுக்கொடுத்த ஊதாக் கயிறு. மண்டியிட்டிருந்தார். கட்டையும் தகடும் சேரும் இடுக்கில் விரலை விட்டுத் தடவிக்கொண்டிருந்தார். காதை அந்தத் தகட்டில் வைத்தார். இரும்பு என்ன பேசும் என்று காது வைக்கிறார்?

நான் சத்தம் போடாமல் திரும்பி வந்துவிட்டேன். பயமாக இருந்தது. கப்பலுக்காகவா, அவருக்காகவா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஜூன் 22

இன்று எப்படியும் கேட்டுவிடுவது என்று இருந்தேன். துணி மடித்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் கேட்டேன்.

"கட்டையெல்லாம் சரியா இருக்கா?"

"எதுக்கு கேக்க?"

"சும்மாதான்."

"சும்மால்லாம் கேக்காத ஜெனோவா."

பிறகு, யாரோ கேள்வி கேட்டதுபோல் அவராகவே ஆரம்பித்தார். டாக் தரையில் பழைய இடத்துக்கு வெள்ளை பெயிண்டாலும், புது இடத்துக்கு மஞ்சள் பெயிண்டாலும் கோடு போடுவார்களாம். கப்பல் வருவதற்கு முந்தின வாரம் பெய்த மழையில் பின்பக்கம் காயாத மஞ்சள் கோடு கரைந்துவிட்டதாம்.

"வெள்ள மட்டுந்தான் நின்னுச்சி. பயலுவ எதப் பாத்து வைப்பானுவ? எனக்கு அன்னைக்கு ரெண்டு கப்பல் வேல. கப்பல் உக்காந்த பெறவுதான் எறங்கி பாத்தேன்."

"பெறவு?"

"பெறவு என்ன. உக்காந்தாச்சு."

மறுபடி தண்ணீர் விட்டு, கப்பலை மிதக்கவைத்து, கட்டைகளை நகர்த்தி, மறுபடி உட்காரவைக்கவேண்டும். ஒரு ஃபோர்மேன் வாயால் அதைச் சொன்னால் அந்த வாயில் அதற்குப் பிறகு விசில் இருக்காது. இருபது வருசமாக ஒரு தப்பும் பண்ணாத மனுசன். முதல்நாளே சொல்லியிருந்தால் திட்டு வாங்குவதோடு போயிருக்கும். ஒவ்வொரு நாளும் தள்ளிப்போட, ஒவ்வொரு நாளும் அது பெரிதாகிக்கொண்டே போயிருக்கிறது.

மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தேன்.

ஜூன் 24

மூர்த்தி சார் அறை வாசல்வரை போனேன். யாரோ பெரிய அதிகாரி உள்ளே இருந்தார். திரும்பிவிட்டேன்.

ஜூன் 25

இன்று அறையில் அவர் தனியாகத்தான் இருந்தார். நான் போகவில்லை.

கட்டியவனைப் போய் நானே காட்டிக்கொடுப்பதா? அவராகச் சொல்லட்டும். சொல்வார். இன்னும் நாள் இருக்கிறது.

ஜூன் 27

செலஸ்டினை யார்டு கேண்டீனில் பிடித்தேன். கப்பல் டாக்கை விட்டு வெளியே போகும்போது நீ லீவு போட்டுவிடு என்றேன். மஞ்சக்காமாலை என்று சொல்லச் சொன்னேன். டாக்டர் சீட்டுக்கு நான் ஏற்பாடு பண்ணுகிறேன் என்றும் சொன்னேன். அவன் சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான்.

"என்னக்கா, கெட்ட கனவு கினவு கண்டியா?"

"ஆமான்னு வச்சுக்கோயேன்."

"நான் போகலேன்னா மனிஷ்தான் ரெண்டு ஆள் வேலயும் பாக்கணும். அவனுக்கு பிள்ள பெறந்து ஒரு மாசந்தான் ஆகுது. பொஞ்சாதிய இங்கன கூட்டிட்டு வந்து வச்சிருக்கான், பாவம்."

எனக்கு அதுவரைக்கும் அங்கே வேறு ஒரு ஆள் இருப்பான் என்பது தோன்றவே இல்லை. தோன்றிய பிறகும், என் தம்பி வெளியே இருந்தால் போதும் என்றுதான் மனசு சொன்னது. எங்கள் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்ட பையன் அவன். அவன் பெயரைக் கேட்டும் நான் திரும்ப ஒரு தடவை, "நீ லீவு போடு" என்றேன்.

"போக்கா" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டான்.

ஜூன் 30

தண்ணீர் விடும் நாள் ஜூலை நாலாம் தேதி. மந்திரி வரும் நாள்கூட முடிவாகிவிட்டது. யார்டு முழுக்கக் கொடிக்கம்பங்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள்.

இவருக்கு வயிற்றுப்போக்கு. ஓ.ஆர்.எஸ். கரைத்துக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

ஜூலை 2

எனக்கு ஒரே ஒரு படம்தான் கண்ணுக்குள் ஓடுகிறது. துரு பொருக்காகத் தடித்து, ஊறிய மரக்கட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கும். கப்பல் தண்ணீரில் தூக்கும்போது அந்தப் பொருக்கு கட்டையோடு நின்றுவிடும். புண்ணின் பொருக்கு பிளாஸ்திரியோடு பெயர்வதுபோல. உள்ளே மிச்சம் இருப்பது என்ன என்று யாருக்கும் தெரியாது. டாக்கிலேயே பிய்த்துக்கொண்டால் கப்பல் சாயும், கீழே இருப்பவன் மூழ்குவான். டாக்கில் தாங்கி, நடுக்கடலில் பிய்த்துக்கொண்டால் எல்லாரும்.

தண்ணீர் விடும்போது கீழ் அறை ஒவ்வொன்றிலும் ஒழுக்குப் பார்க்க ஆள் உட்காரவேண்டும் என்பது முறை. கப்பல்காரர் ஒருவர், யார்டு ஆள் ஒருவர். ஒரு அறையில் ஒழுகினால் அடுத்ததற்குப் போகாமலிருக்க மேல்மூடியை இறக்கி முடுக்கிவிடுவார்கள். உள்ளே ஒரு போன் இருக்கும்.

இன்று மூர்த்தி சார் ஆள் பிரித்தார். பம்ப் அறைக்குக் கப்பல் தரப்பில் செலஸ்டின். யார்டு தரப்பில் யார் என்று கேட்டபோது நான் கையைத் தூக்கினேன். ஆள் பற்றாக்குறை. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

ஜூலை 4, காலை

இட்லி வைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னேன்.

"இன்னைக்கு நான் பம்ப் ரூம்ல உக்காருதேன். செலஸ்டின் கூட."

இவர் நிமிரவே இல்லை.

"வேற ஆளே இல்லையாமா?"

"இல்லையாம்."

"நான் மூர்த்தி சார்ட்ட சொல்லி மாத்திவிடுதேன்."

"எதுக்கு மாத்தணும்? என்ன காரணம் சொல்லுவிய?"

விசிலின் கயிற்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் கிளம்பிவிட்டார். எப்போதும் பைக்கில் இரண்டு பேரும் சேர்ந்துதான் போவோம். நான் பஸ்ஸில் போனேன்.

ஜூலை 4, வீட்டுக்கு வந்தபிறகு

குளித்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

பம்ப் அறைக்கு ஏணியில் இறங்கவேண்டும். செங்குத்தான ஏணி, ஒரு ஆள் நுழைகிற வாய். உள்ளே புது பம்புகள் பளபளவென்று நிற்கின்றன. நானும் செலஸ்டினும் முழங்கால் இடிக்க உட்காரத்தான் இடம். மேலே மூடியருகில் பால்வண்ணன் நின்றான். யார்டில் என்னோடு வேலை பார்க்கிறவன், போனின் மறுமுனை அவன் கையில். ஏணியில் இறங்குவதற்கு முன்னால் டாக் கரையைப் பார்த்தேன். இவர் சுவரோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்தில் முகம் தெரியவில்லை, நின்ற விதம் தெரிந்தது.

மூடி இறங்கியது. பல்பு வெளிச்சம். எண்ணெய் வாடை. தம்பி ஏதோ சினிமாக் கதை சொல்ல ஆரம்பித்தான். ஒன்றும் காதில் விழவில்லை. நான் விசிலுக்குக் காத்திருந்தேன். விசில் வராது என்று ஒரு நம்பிக்கை. அவர் இப்போது மூர்த்தி சாரிடம் போவார், பேசுவார், மூடி திறக்கும், ஏதாவது சாக்குச் சொல்லி எங்களை மேலே வரச் சொல்வார்கள்.

மூடியைத் தாண்டி, மெலிதாக, நீளமாக ஒரு விசில் கேட்டது. தண்ணீரைத் திற என்று அர்த்தம்.

ஊதிவிட்டார். நான் உள்ளே இருக்கிறேன் என்று தெரிந்தே ஊதிவிட்டார்.

முதலில் தூரத்தில் லாரி போகிற மாதிரி ஒரு இரைச்சல். பிறகு அது எங்கள் காலுக்குக் கீழேயே வந்துவிட்டது. கட்டைகளுக்கு நடுவே தண்ணீர் சுழித்து ஓடுவது தகட்டின் வழியாகத் தொடைக்கே தெரிகிறது. நான் சிமெண்ட் தளத்தில் உள்ளங்கையை வைத்தேன். அது சில்லென்று ஆகிக்கொண்டே வந்தது. அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது. ஜெபம் சொல்ல வாயெடுத்தேன், பாதியில் வார்த்தை மறந்துபோனது. பிறந்ததிலிருந்து சொல்லிவந்த ஜெபம்.

"அக்கா, உனக்கு ஏன் இப்படி வேக்குது?"

அப்போது அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மழை, மஞ்சள் கோடு, ஆறு மில்லி, மரம். அவன் கேட்டுக்கொண்டே தன் காலுக்குக் கீழே பார்த்தான். பிறகு கால்களை மெல்லத் தூக்கி பம்பின் மேடைமேல் வைத்துக்கொண்டான். அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது.

போன் அடித்தது. பால்வண்ணன்.

"யக்கா, உங்கள மேல வரச் சொல்லுதாரு ஃபோர்மேன். வீட்லேருந்து ஏதோ அவசரமாம். மூடிய தொறக்கேன்."

வீட்டில் யார் இருக்கிறார்கள் அவசரத்துக்கு? எங்களுக்குப் பிள்ளை இல்லை, மாமனார் மாமியார் இல்லை.

"செலஸ்டினையுமா?"

"இல்லக்கா. உங்கள மட்டுந்தான்."

வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். போய் ஃபோர்மேனிடம் அப்படியே சொல் என்றேன்.

தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. தலைக்குமேல் எங்கோ கப்பல் ஒரு தடவை முனகியது. கனம் மாறும்போது இரும்பு அப்படித்தான் முனகும், தெரியும். தெரிந்தாலும் நான் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவன் சின்னப்பிள்ளையில் என் விரலைப் பிடித்து நடந்தவன். இப்போது அவன் கைதான் பெரிதாக இருந்தது.

பிறகு மூன்று விசில். நிறுத்து. மறுபடியும் மூன்று. மறுபடியும். மூச்சு வாங்காமல் ஊதிக்கொண்டே இருந்தார். இரைச்சல் தேய்ந்து அடங்கியது.

மேலே வந்தபோது கரையில் எல்லாரும் இவரைச் சுற்றி நின்றார்கள். மூர்த்தி சார், கப்பல் கேப்டன், கடற்படைக்காரர்கள். இவர் நடுவில், தலையில் ஹெல்மெட் இல்லாமல், பிடிபட்ட திருடனைப் போல நின்றார்.

"பின்வரிசை கட்ட பழைய எடத்துல இருக்கு சார். நான் அன்னைக்கு பொய் சொன்னேன்."

அதை இரண்டு தரம் சொன்னார். முதல் தரம் யாருக்கும் கேட்கவில்லை.

ஜூலை 5

இவரைச் சஸ்பெண்ட் பண்ணிவிட்டார்கள். விசாரணை உண்டாம். என்னையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். தெரிந்திருந்தும் ஏன் சொல்லவில்லை என்று மூர்த்தி சார் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

ஜூலை 9

டாக்கை மறுபடி வற்ற இறைத்து, பின்வரிசைக் கட்டைகளை ஒவ்வொன்றாக அடித்து எடுத்தார்கள். எனக்கு அங்கே போகத் தடை. செலஸ்டின் மத்தியானம் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்று சொன்னான். உள்ளே வா என்றால் வரவில்லை.

முதல் இரண்டு கட்டைக்கு மேல் தகடு மோசம், ஆனால் இருந்தது. மூன்றாவது கட்டையை எடுத்தபோது துரு மொத்தமாக மரத்தோடு வந்துவிட்டது. சுத்தியலின் கூர்முனையால் ஒரு தட்டு. உள்ளே போய் நின்றதாம்.

"இரும்பே இல்லக்கா. வெறும் சிமெண்ட். நாம ரெண்டு பேரும் சிமெண்ட் மேல உக்காந்திருந்திருக்கோம்."

மச்சான் எங்கே என்று அவன் கேட்கவில்லை. உள்ளே இவர் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜூலை 10

சாயங்காலம் இவரே வந்து அடுக்களையில் நின்றார். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். நாலாம் தேதியிலிருந்து நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

"நீ வேணும்னுதான எறங்குன?"

"ஆமா."

"நீ உள்ள இருந்தா நான் தண்ணிய தொறக்க மாட்டேன்னு நெனச்ச."

"ஆமா."

"தொறந்துட்டேனே ஜெனோவா."

நான் கத்தியைக் கீழே வைத்தேன். அவர் குரலில் அழுகை இல்லை. தனக்கு வந்த வியாதியின் பெயரை டாக்டரிடம் கேட்டுவந்து சொல்கிறவர் மாதிரி இருந்தது.

"மூர்த்தி சார் பாத்துகிட்டு இருந்தாரு. கேப்டன் பாத்துகிட்டு இருந்தாரு. கை தானா விசில எடுத்துச்சி. ஊதுன பெறவுதான் உன்ன வெளிய எடுக்கணும்னு தோணுச்சி."

"என்ன மட்டும்."

"ஆமா. உன்ன மட்டும்."

"நான் ஏறி வந்திருந்தா?"

பொய் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். பொய்தான் வேண்டும் என்றுகூட இருந்தது எனக்கு.

"தண்ணி ஏறியிருக்கும்" என்றார். "நான் வாய தொறந்திருக்க மாட்டேன். செலஸ்டின் உள்ள இருக்கான்னு தெரிஞ்சும்."

அவர் போய்ப் பின்வாசலில் உட்கார்ந்துகொண்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பயமாக இருந்தது. வெறுப்பு இல்லை, பயம்தான். அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று இருக்கிறது. அதை அவரிடம் சொல்லவில்லை. நாலாம் தேதி இங்கேயும் எழுதவில்லை.

போனில் பால்வண்ணன் என்னை மட்டும் என்று சொன்னதும் நான் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. இதோ வருகிறேன் என்றுதான் சொன்னேன். எழுந்து ஏணியின் முதல் படியில் காலும் வைத்துவிட்டேன். மேலே மூடியின் முடுக்கு திறக்கிற சத்தம் கேட்டது. செலஸ்டின் பம்பின் மேடைமேல் காலைத் தூக்கிவைத்தபடி, என்னை நிமிர்ந்து பார்த்து, "நீ போக்கா, நான் பாத்துக்கிடுதேன்" என்றான்.

அவன் அப்படிச் சொல்லாமலிருந்திருந்தால் நான் ஏறிப் போயிருப்பேன்.